வீட்டுக்குள் ஒரு குகை

இரவல் வாங்குவதில் எனக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. கேட்க மாட்டேன். எதிர்வீட்டு ஏணி எங்கள் மொட்டைமாடியில் சாய்ந்திருப்பதும், மச்சானின் டிரில் மெஷின் எங்கள் பரணில் தூங்குவதும் இந்த ஒழுங்கின் பலன்கள்.

ஆகவே, கம்ப்யூட்டரில் எழுத்து விளையாட்டு ஒன்றை நானே உருவாக்கப் புறப்பட்டபோதும் முதலில் தேடியது இரவல்தான். இந்த வகை விளையாட்டில் படம் கிடையாது. ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று தட்டினால், நடந்தது என்னவென்று எழுத்தில் பதில் வரும். என் விளையாட்டின் களம் எங்கள் வீடு. தேடவேண்டிய புதையல், காணாமல்போன கரண்ட் பில் அட்டை.

கிடைத்த மூலநிரலோ சாதாரணமானதல்ல. இந்த வகைக்கே பாட்டனாரான ‘அட்வெஞ்சர்’. 1970களின் நடுவில், குகைகளுக்குள் ஊர்ந்து வரைபடம் போடும் பழக்கமுள்ள வில் கிரௌதர் என்ற அமெரிக்க நிரலாளர், கென்டக்கியின் மாமத் குகையை மனதில் வைத்துத் தன் மகள்களுக்காக ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதியது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதைப் பார்த்தார். விரித்து எழுத ஆசைப்பட்டார். கிரௌதரின் முகவரி தெரியாது. அர்ப்பாநெட் வலைப்பின்னலில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ‘கிரௌதர்’ என்ற பெயருக்குக் கடிதம் அனுப்பி, அவரைக் கண்டுபிடித்து, அனுமதி வாங்கினார். விரிந்த விளையாட்டு 1977இல் வெளிவந்தது.

இந்த வரலாற்றை மனைவியிடம் சொன்னது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. “நெட்வொர்க் முழுக்கக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கார். உங்களுக்கு எதிர்வீட்டு காலிங்பெல்கூட எட்டல” என்றாள்.

“இதற்கு அனுமதி இருக்கிறது” என்றேன் கம்பீரமாக. அது உண்மை. இருவரின் சம்மதத்தோடும் எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் 2017இல் இந்த நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்.

அறைகளின் பெயரை மாற்றினேன். குகைவாசல் எங்கள் வராந்தா ஆயிற்று. ஆனால் பெயர்தான் மாறியது. குகையின் சட்டதிட்டமெல்லாம் அப்படியே குடிவந்துவிட்டது. மனைவி ஆடிப் பார்த்தாள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சாவிக்கொத்து என்று எடுத்துக்கொண்டே போனவளை எட்டாவது பொருளில் விளையாட்டு தடுத்தது. ஒருவர் ஏழுக்குமேல் சுமக்கக் கூடாதாம். “எழுதினது ஆம்பளைங்கதான்னு தெரியுது” என்றாள். பிறகு ஒரு கொள்ளையன் வந்து, கையிலிருந்த புதையலைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் புதிர்ப்பாதையில் பதுக்கினான். “இந்தப் பாத்திரம் மட்டும் நீங்க சொந்தமா எழுதினதா?” என்று கேட்டாள்.

அவமானத்தின் உச்சம் விளக்கு. என் விளக்கு சீக்கிரமே அணைந்துவிடும். அவளுடையது எரிந்துகொண்டே இருக்கும். காரணம் அறிய, வேலையைத் தவிர்ப்பதற்காக இரவல் வாங்கிய நிரலை வரிவரியாகப் படிக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் ‘வழிமுறை சொல்லட்டுமா?’ என்று கேட்கிறது அல்லவா? ‘வேண்டாம்’ என்பவனுக்கு 330 கட்டளைவரை எரியும் விளக்கு. ‘சொல்லு’ என்று பணிவாகக் கேட்பவருக்கு 1000. பதிலுக்கு மதிப்பெண்ணில் ஐந்து மட்டும் கழியும். ஆடுகிறவரிடம் மூச்சுவிடாமல் வைத்த ரகசியம். நிரலைத் திறந்தவருக்கே தெரியும். முப்பது வருடமாகப் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்க மறுப்பவன் ஆட்டத்தில் மட்டும் கேட்பேனா?

கேட்காமல் எடுப்பதில் எனக்கும் முன்னோடிகள் உண்டு. எம்ஐடி மாணவர்கள் ‘ஸார்க்’ என்ற எழுத்து விளையாட்டின் நிரலைச் சங்கேதமாக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். அப்படியும் டெக் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் அதைக் கைப்பற்றி ஃபோர்ட்ரானில் மாற்றி எழுதிவிட்டார்கள். இன்று பூட்டே இல்லை; 2025இல் மைக்ரோசாஃப்ட் முதல் மூன்று ‘ஸார்க்’குகளையும் திறந்துவிட்டது. கேட்பதெல்லாம், மூல ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் அழிக்காதே என்பதே.

அது பிடித்துப்போய், மனைவி பெயிண்ட் டப்பாவோடு மாடிக்குப் போய் ஏணியில் எதிர்வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டு வந்தாள். பிறகு உரிமத்தை முழுதாக வாசிக்கச் சொன்னாள். கடைசிப் பத்தி பெரிய எழுத்தில் இருந்தது: இது இருக்கிறபடியே தரப்படுகிறது, எந்த வேலைக்கும் உதவும் என்ற உத்தரவாதம் இல்லை.

“உங்க ஜாதகத்தைக் கொடுத்தப்போ உங்கம்மா இந்தப் பத்தியை விட்டுட்டாங்க” என்றாள்.