கல்லுப் படிச்ச பேராண்டிக்கு

வாங்க பேராண்டி! கம்பஸ்ல புவிச்சரிதவியல் லெக்சரர் ஆகிட்டீங்களாம்ல. 55 கோடி வருஷத்துக்கு முந்தி பூமிக்குள்ள வெந்து உருமாறின கல்லுக்கெல்லாம் ஜாதகம் எழுதுறீங்களாம். சந்தோஷம். எங்க லயத்துக்குப் பின்னால நிக்கிற மண்மேட்டுக்கும் ஒரு பலன் சொல்லிட்டுப் போங்க, ஐப்பசி மழை வருது.

உங்களை மாதிரிப் படிச்ச பிள்ளைகள் ஹட்டன் பக்கம் பஸ்ஸுல வரும். சுத்தியலால ஒரு தட்டு, லென்ஸால ஒரு பார்வை, சோத்துப் பார்சல், போட்டோ. பஸ் கெளம்பிரும். ரெண்டு நாளா காம்பராக் கதவு ஏன் மூட மாட்டேங்குதுன்னு எங்க வீட்டுக் கிழவிக்கிட்ட கேட்க ஆளில்ல. கேட்டிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பா. ஊத்துத்தண்ணி செவப்பா கலங்கி வருது, நிழல் மரம் சாஞ்சு நிக்குது, கான் தூர்ந்து போய் மழைத்தண்ணியெல்லாம் மலைக்குள்ள எறங்குது, பக்கத்துலயே விரல் நுழையிற வெடிப்பு. உங்க பொஸ்தகத்துல மண்சரிவுக்கு அடையாளம்னு போட்டிருக்கிறதும் இதுதானே?

ஆனந்த குமாரசாமி 1903ல கனிய ஆய்வுக்குப் பணிப்பாளரா வந்தவர். தோரியனைட்டுங்கிற கனியத்தைக் கண்டுபிடிச்ச மனுஷன், கல்லைத் தேடிப் போன ஊர்ல கைவினைக்காரங்களையும் விசாரிச்சு 1908ல பெரிய பொஸ்தகமே போட்டார். அவருக்குப் பின்னேரப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இல்ல பாருங்க.

கொஸ்லந்த மீரியபெத்தையில மண்சரிவு வரும்னு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்தாங்க. 2014 ஒக்டோபர் 29 காலையில மலை எறங்கி லயத்தை மூடிருச்சு. போ போன்னு சொல்றது சுலபம். சொந்தக் காணி இல்லாதவன் லயத்தை விட்டு எங்க போவான்? அதுக்கு உங்க பரீட்சையில எத்தனை மார்க்கு?

24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் பெஞ்சா உஷாரு, 100 தாண்டினா மூட்டை கட்டு, 150 தாண்டினா எறங்கிருன்னு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கணக்கு வச்சிருக்கு. நல்ல கணக்குதான். ஆனா எங்க தோட்டத்துல மழை அளக்கிறது ஆபீஸுல, தூங்குறது லயத்துல.

அதனால உங்க பிள்ளைகளுக்கு ஒரு புது பரீட்சை வைங்க: படிச்சதை ஒரு பக்கம் தமிழ்ல எழுதி எங்க கிழவிக்கு வாசிச்சுக் காட்டணும். அவளுக்கு வெளங்கினாத்தான் பாஸ். ராத்திரி லயத்துலயே தங்கட்டும். ரொட்டியும் கட்டச் சம்பலும் நாங்க தாறோம், மழைமானியை நீங்க கொண்டாங்க.