சுழி சாத்திரம்

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். நெற்றியில் சுழி எங்கே, முதுகில் எங்கே, ஒற்றையா இரட்டையா என்று தடவிப் பார்த்த பிறகுதான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார். பழைய கார் வாங்கப் போகிறவரும் இப்போது அப்படித்தான். டயரை உதைத்துப் பார்த்த காலம் போய், செல்போன் டார்ச்சை பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்து உதட்டைப் பிதுக்குகிறார். மாட்டுச் சுழிக்குச் சாத்திரம் உண்டு. கார்ச் சுழிக்கு இல்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுப் பொருள்: ஆறு வயதான என் கறுப்புக் கார். ஆய்வுக் களம்: சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் கூரையில்லாத கார் நிறுத்துமிடம். ஆய்வு நிதி: என் மனைவிக்குத் தெரியாது.

சுழி என்பது யாது எனின், கறுப்புக் காரை நிழலில் நிறுத்தினால் காணாமல் போவதும் வெயிலில் நிறுத்தினால் வந்து நிற்பதுமாகிய நுண்கீறல் கூட்டம் என்க. சூரியனின் பிம்பத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் இருக்கும். டீடெய்லிங் கடைக்காரர்கள் இதை ஸ்வர்ல் என்பார்கள். தெருமுனை ஷெட்டில் "ரவுண்டு ரவுண்டா ஸ்கிராட்ச்". மாட்டுக்குப் பொருந்திய சொல் காருக்கும் பொருந்தும் என்பதால் இங்கே சுழி என்றே வழங்குகிறேன்.

சுழி எதன்மேல் விழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கார் பளபளப்பது அதன் நிறத்தால் என்று நினைத்திருந்தேன். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் கறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்ற ஒன்று இருக்கிறது. பளபளப்பு முழுக்க அதனுடையது. அந்தக் காலத்து அம்பாசிடரைப் பாலிஷ் போட்டால் காரின் வண்ணமே துணியில் ஒட்டி வரும். இன்றைய காரில் துணி வெளுப்பாகவே திரும்பும். தேய்ந்து போவது நிறமற்றது என்பதால் தேய்ந்ததே தெரியாது. கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70. எல்லாப் பூச்சையும் அடுக்கினாலும் பல கார்களில் 120 மைக்ரானைத் தொடாது. மத்திய அரசின் விதிப்படி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பை கூடாது. பல லட்சம் கொடுத்து வாங்கிய காரின் மேனி, காய்கறிக் கடைப் பையாகப் பிறந்திருந்தால் பறிமுதலாகியிருக்கும்.

அற்றேல், இந்தச் சுழி கறுப்புக் காருக்கு மட்டும் வாய்ப்பானேன் எனின், வாய்ப்பது எல்லாக் காருக்கும்தான். கிளியர் கோட்டின் மேற்பரப்பு, நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெள்ளைக் காரில் இதற்கு மேல், அடியிலுள்ள வெள்ளை தன் பங்குக்கு ஏராளமான ஒளியை வாரி இறைக்கும். அந்த வெளிச்சத்தில் கீறலின் மினுக்கல், கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு பட்டப்பகலில் எரிவதுபோல் எடுபடாது. கறுப்பில் அடியிலிருந்து எதுவும் வராது. அமாவாசை வானம், ஒவ்வொரு கீறலும் ஒரு நட்சத்திரம். பக்கத்து வீட்டு வெள்ளைக் காரின் மேல் என் காரில் உள்ளதைவிட அதிகக் கீறல் இருக்கிறது. அதை அவரிடம் டார்ச் அடித்துக் காட்டினேன். பேச்சுவார்த்தை இப்போது இல்லை.

ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றார். மண் சாலையில் ஓடிய அந்தக் கார்களைத் தினமும் துடைக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு. ஏனெனில், சுழி ஓட்டுவதால் வருவதைவிடத் துடைப்பதால் வருவதே அதிகம்.

எங்கள் அடுக்ககத்துக்குக் காலை ஐந்தரைக்கு ஒருவர் வருவார். கையில் ஒரு வாளி, ஒரு பனியன் வேஸ்ட் துணி. துடைக்க வேண்டியவை பதினோரு கார்கள். முதல் காருக்குத் தண்ணீர் தண்ணீராக இருக்கும். என் கார் ஒன்பதாவது. அதற்குள் அது ரசமாகியிருக்கும். தெருத் தூசியில் உள்ள மணல் குவார்ட்ஸ் வகை. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. பேனாக் கத்தியின் எஃகு ஐந்தரை. கிளியர் கோட் என்பது பிளாஸ்டிக் இனம், இவர்களுடன் ஒரே பந்தியில் உட்கார முடியாது. அந்தத் துணி என் கதவில் ஏறும்போது அது உப்புத்தாள். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு மாதச் சம்பளம் பளபளப்புக்கு, மைக்ரானுக்கு இல்லை.

இதைவிடக் கொடியது உலர்ந்த துடைப்பு. என் மாமனார் ஊரிலிருந்து வந்தால் காபி குடித்த கையோடு கீழே இறங்குவார்.

"மாப்பிள்ளை, காரு தூசியாக் கெடக்கே. ஒரு தொடை தொடைச்சிடறேன்."

"வேண்டாம் மாமா, தண்ணி ஊத்தாம தொடைச்சா கோடு விழும்."

"சும்மா இருங்க. நான் மாட்டு வண்டியையே கண்ணாடி மாதிரி வெச்சிருந்தவன்."

தோளில் கிடக்கும் துண்டு இறங்கும். கறுப்புக் கார் வைத்திருப்பவனுக்கு இதை மறுக்கும் உறவு முறை தமிழில் அமையவில்லை. கார் கவரும் பூனையும் இந்த வரிசையில் அடுத்து வருவன, இடமின்மையால் விடுகிறேன். ஆயுத பூசை மட்டும் தனி இயலுக்கு உரியது. அன்று பானெட்டில் மூன்று விரலால் இழுத்த சந்தனம் மறுநாள் ஓடுபோல் காய்ந்திருக்கும். அதை நகத்தால் சுரண்டி, மிச்சத்தை அன்றைய நாளிதழால் அழுத்தித் துடைத்தவர் யார் என்பது வீட்டில் இன்னும் விசாரணையில் உள்ளது.

இனி இந்தத் துறையின் பெரிய சர்ச்சை. மாமனார் வட்டமாகத் துடைப்பவர். மச்சான் நேர்கோட்டில், முன்னிருந்து பின்னாகத் துடைப்பவர். "அப்பா வட்டமா தொடைக்கிறதாலதான் வட்டம் விழுது" என்பது மச்சான் கட்சி. பாலிஷ் கடைக்காரர்கள் பலரும் இதே கட்சி. நான் காருக்குப் பக்கத்தில் நின்று பானெட்டில் சூரியனின் பிம்பத்தைப் பார்த்தேன், சுற்றிலும் வட்டங்கள். இரண்டடி தள்ளி நின்றேன். பிம்பமும் தள்ளிப் போனது, வட்டங்கள் மொத்தமும் அதன் பின்னாலேயே போயின. துடைத்த கை போட்ட வட்டமென்றால் போட்ட இடத்தில் அல்லவா கிடக்க வேண்டும்?

நடப்பது இதுதான். கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒரு கீறல் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்காகவே விசிறும். சூரியப் பிம்பத்தைச் சுற்றிலும், அதற்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்பும். பிம்பத்தை நோக்கி நீண்டு கிடப்பவை மறைந்திருக்கும். கண் அந்தத் துண்டுகளைக் கோத்து வட்டம் என்கிறது. கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி வழியே இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் இதே காட்சி. அங்கே யாரும் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருக்கவில்லை. வேதாந்திகளுக்குக் கயிற்றில் பாம்பு. எனக்கு பானெட்டில் சுழி. ஆகவே மாமனார் வட்டம் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கீறல் என்ற குற்றச்சாட்டு நிற்கிறது. மச்சானின் நெறியிலும் ஒரு பயன் இருப்பதை மறைப்பதற்கில்லை. எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால் ஒரு கோணத்திலிருந்து மட்டுமே தெரியும். வேறு பக்கம் நிற்பவருக்குக் கார் புதிது.

பரிகாரத்துக்கு வருகிறேன். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்ப்பது முதல் சோதனை. நகம் தட்டுப்பட்டால் அது பாலிஷுக்கு அப்பாற்பட்டது. என் கீறல்கள் எதுவும் நகத்தில் தட்டவில்லை. நம்பிக்கையோடு ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், பலகையில் 'மிரர் ஃபினிஷ்' என்றிருந்தது. ரோட்டரி மெஷினில் ஆட்டு ரோமப் பேடு மாட்டி, காம்பவுண்டு தடவி, ஒரே மூச்சில் வேலை முடிந்தது. மாலை ஆறு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் கதவில் என் முகத்தைப் பார்த்தேன். ஷேவிங் செய்துகொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு வாட்டர் வாஷ் முடிந்தது. ஒரு மத்தியானம் வெயிலில் பார்த்தால் பழைய சுழி ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாகக் கறுப்பே வெளிறி, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கல். அதன் ஊடே, நடந்தால் கூடவே நகரும் வில் வில்லான நிழல்கள். நோய் போய் மருந்து நின்றது.

இரண்டாவது இடம் ஒரு ஷெட். அந்தத் தம்பி எல்.இ.டி. விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு நிமிடம் பேசவில்லை.

"கீறல் போயிடுச்சுண்ணே. இது பாலிஷ் போட்டவங்க விட்டுட்டுப் போன புகை."

"அன்னிக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"எண்ணெய் மூடியிருக்கும். ரெண்டு வாஷ்ல அது போயிடும்ல."

பானெட்டின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டினார். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்தார். மிச்சமிருந்த எண்ணெயும் போய், புகை இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு மெத்தென்ற கறுப்பு ஃபோம் பேடில் துவரம்பருப்பு அளவில் நான்கு பொட்டு பாலிஷ். டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினை ஓடவிடாமலே முதலில் அதை மேனியில் ஒற்றிப் பரப்பினார். ஓடவிட்டபின் கை ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஒரு வரி, அதில் பாதியை மிதித்து அடுத்த வரி, பிறகு குறுக்கே. இடையில் பேடைக் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டினார். ரோட்டரி ஒரே அச்சில் சுழல்வதால் தன் தடத்தை வில்லாக எழுதிவிட்டுப் போகும். டி.ஏ. சுழன்றுகொண்டே அச்சுவிலகியும் ஆடுவதால் ஒரு தடத்தின் மேல் இன்னொன்று விழுந்து அழிந்துகொண்டே வரும் என்பது அவர் விளக்கம். டேப்பை உரித்தபோது இடப்பக்கம் கிணற்றுத் தண்ணீர், வலப்பக்கம் ஸ்லேட்டு.

இந்தப் புகையின் தத்துவத்தை நியூட்டன் 1704-இல் 'ஆப்டிக்ஸ்' நூலில் ஏறக்குறையச் சொல்லிவிட்டார். கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என்றால், கீறல்களை மேலும் மேலும் சிறிதாக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது என்பது அவர் கருத்து. ஆக, கீறலைக் கீறலால்தான் எடுக்கிறோம். காம்பவுண்டு, பெரிய கீறல்களை அழித்து அந்த இடத்தில் கோடிக்கணக்கான சின்னக் கீறல்களை வைக்கிறது. அவை தனித்தனியே தெரியாது, ஆனால் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்கு இருக்கின்றன. கூட்டமாக நின்று கறுப்பை வெளுக்கச் செய்கின்றன. புகை என்பது பாதியில் நின்ற பாலிஷ். முதல் கடைக்காரர் செய்த பிழை தேய்த்தது இல்லை. அடுத்த படியைத் தேய்க்காமல் எண்ணெய் பூசிக் கிளம்பியது.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. காம்பவுண்டு போட்டால் இரண்டு மூன்று மைக்ரான் போகலாம், பாலிஷில் அதைவிடக் குறைவு. இந்தக் கிளியர் கோட்டில்தான் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கும் இருக்கிறது. ஒவ்வொரு முறை பளபளக்கும்போதும் வட்டியை விட்டு முதலில் கை வைக்கிறோம். வருடா வருடம் ரப்பிங் பாலிஷ் போடுகிறவரின் கார் ஒருநாள் மேற்கூரையில் தோலுரியத் தொடங்கும். அதற்குப் பாலிஷ் கிடையாது, மறுபடி பெயின்ட்தான்.

எனவே இச்சாத்திரத்தின் முடிவு: தூசியாக இருக்கும் கறுப்புக் காரைத் தூசியாகவே விடுக. கழுவ வேண்டுமென்றால் இரண்டு வாளி, ஒன்று ஷாம்புக்கு, ஒன்று துணியை அலச. தொடுவதற்கு முன் மேலிருந்து தண்ணீர். இதை எங்கள் ஐந்தரை மணிக்காரரிடம் சொன்னேன். இரண்டாவது வாளிக்குத் தனிச் சம்பளம் கேட்டார், நியாயம்தான், கொடுக்கிறேன். மாமனாருக்கு ஒரு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் மூக்குக் கண்ணாடி துடைக்க வைத்திருக்கிறார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆயுத பூசைக்குக் கறுப்புக் கார் உள்ள வீட்டுக்குப் போனால் சந்தனத்தை முன் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பானெட்டில்தான் வைப்பேன் என்றால் காய்வதற்குள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போங்கள். துணியைத் தொடாதீர்கள்.