சுருதி சேராத காளான்

இணுவிலில் சத்தம் போடுவது குற்றமல்ல. தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த ஊர் இது. பின்னேரமானால் ஏதாவதொரு வளவுக்குள் ஒரு பெடியன் தவிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். அடுத்த ஒழுங்கையில் நாதஸ்வரம் தோடியில் தொடங்கித் தோடியிலேயே நிற்கும். பக்கத்து மருதனார்மடத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த பல்கலைக்கழகப் பீடம். விடியப்புறம் நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கர். அது ஓய முதல் தோட்டங்களில் நீரிறைக்கும் மெஷின். கலியாண வீடென்றால் ஜெனரேற்றர்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஸ்பீக்கர் பக்தி, தவில் கலை, மெஷின் தொழில், ஜெனரேற்றர் அந்தஸ்து. என் காளான் அறையில் ஓடிய இரண்டு எக்ஸோஸ்ற் ஃபானுக்கு மட்டும் எந்த மரியாதையும் இல்லை. அதன் பெயர் "உந்த இரைச்சல்".

அப்பா காலத்தில் புகையிலை அடுக்கிவைத்த அறை அது. பென்சனுக்குப் பிறகு சும்மா இருக்காமல் சிப்பிக் காளான் போடலாம் என்று மனிசிதான் ஆலோசனை சொன்னாள். சும்மா இருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு ஏலாமல் போயிருக்க வேண்டும். மரத்தூள், தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு எல்லாவற்றையும் பிசைந்து பைகளில் அடைத்து, பரலில் ஆவி பிடித்து, ஆறவிட்டு, விதை போட்டு, இருட்டில் வைத்தால் வெள்ளைப் பூசணம் பை முழுக்கப் பரவும். பிறகு பையைக் கீறிவிட்டு ஈரத்தை 80, 90 வீதத்தில் வைத்திருந்தால் காளான் வெளியே வரும். கேட்க லேசு. ஆனால் காளானும் எங்களைப் போல ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிற சீவன். அறைக்குள் அந்த வாயு தேங்கினால் குடை விரியாது. தண்டு மட்டும் நீண்டுகொண்டு போகும். இரவில் ஃபானை நிற்பாட்டிய நாட்களில் எனக்குக் கிடைத்தது முருங்கைக்காய் விளைச்சல். ஆகவே ஒரு ஃபான் காற்றை உள்ளே தள்ள, மற்றது வெளியே இழுக்க, இரண்டும் இரவு பகலாக ஓடின.

மதிலுக்கு அங்கால் இருப்பவர் இளைப்பாறிய சங்கீத ரீச்சர். தலைமுறை தலைமுறையாக வேலிக்குக் கோடேறிய ஊரில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரு கதியாலுக்குக்கூடச் சண்டை பிடித்ததில்லை. அந்தப் பெருமை ஃபான் பூட்டிய கிழமையோடு முடிந்தது.

"தம்பி, உம்மட வளவுக்குள்ளை என்ன ஓடுது?"

"காளானுக்குக் காத்து, ரீச்சர்."

"காளானுக்கு எதுக்கு ஹெலி?"

சிரிக்க முடியவில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவரும் சிரிக்க மாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். வீதியில் மண்ணெண்ணெய்ப் புகையோடு எப்போதாவது ஒரு கார். மற்றபடி இரவு முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் எங்கோ இரைச்சல் எழும்பினால், வானத்தை அண்ணாந்து பார்க்காமலே இது சகடை, இது சியாமாசெட்டி என்று குண்டுபோட வரும் விமானத்தை வகை பிரிப்போம். பங்கருக்குள் ஓடுவதா, குசினிக்குள் போய் மிச்சப் புட்டைச் சாப்பிடுவதா என்பதை அந்தக் காதுதான் தீர்மானித்தது. அப்படிப் பழகின காதுக்கு முன்னால் எட்டு அங்குல ஃபானைக் கொண்டுபோய் வைத்து "இது கேட்காது ரீச்சர்" என்று சொல்வது அவரை அவமதிப்பது போல.

ஊருக்கு வேறு யோசனை. யன்னல் அடைத்த அறை. இரவிரவாக மெஷின் ஓடுகிறது. ஈர வாசம். வெளியாட்களை உள்ளே விடுவதில்லை (கால் கழுவாமல் வந்தால் பைகளில் பச்சைப் பூசணம் பிடிக்கும் என்பதால்). வடமராட்சிக் கடற்கரையில் இத்தனை கிலோ கேரள கஞ்சா பிடிபட்டது என்று பேப்பரில் அடிக்கடி வாசிக்கிற சனம், இரண்டையும் இரண்டையும் கூட்டி ஐந்தாக்கிவிட்டது. விதானையார் ஒரு நாள் "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்று வந்தார். முப்பது வருடமாக அவர் சும்மா எந்தப் பக்கமும் வந்ததில்லை.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவன் ஸ்காபரோவில் இருக்கிற மச்சான். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 ஒக்ரோபர் 17-க்குப் பிறகு ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடி வரைக்கும் சட்டப்படி வளர்க்கலாம். பனிக்குளிர் நாட்டில் வேறெங்கே வளர்ப்பது, அறைக்குள்தான். ஆகவே அறைக்குள் பயிர் வளர்க்கிற ஃபான், அதற்குச் சத்தமடக்கி, தொங்கவிடும் பட்டி எல்லாம் அங்கே கடையில் கிடைக்கின்றன. மச்சான் செடி வளர்க்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிறான். ஆனால் சத்தமடக்கியைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கும் அளவு சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. அவன் அனுப்பிய படங்களை மனிசி கோயில் மண்டபத்தில் நாலு பேருக்குக் காட்டியிருக்கிறாள். அந்தப் படங்களில் ஃபானுக்குப் பக்கத்தில் இருந்தது காளான் அல்ல.

பெறாமகன் பொறியியல் படிக்கிறவன். சட்டத்தால் பார்ப்போம் பெரியப்பா என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். 1996-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை 45. நாங்கள் வலிகாமம் தெற்குப் பிரதேச சபை. மதிலோரம் நின்று அளந்தான்: 42. "பாத்தீங்களே, சட்டப்படி நாங்கள் சுத்தம்."

ரீச்சருக்கு இதைச் சொன்னேன். "அப்ப உம்மட சட்டத்துக்குக் காது மந்தம்" என்றார்.

அவர் சொன்னது பௌதிகவியல்படி சரி என்பதுதான் வேதனை. சட்டம் அளப்பது ஏ-நிறையிட்ட டெசிபல். மனிதக் காது மெல்லிய அடிக்குரல்களை மந்தமாகக் கேட்கும் என்பதால், அந்தக் கணக்கு அடிக்குரலைக் கழித்துக் கொடுக்கிறது. 100 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் ஒரு முனகலுக்கு 19 டெசிபல் தள்ளுபடி. தீபாவளிக்குக்கூட நகைக்கடைக்காரர் இவ்வளவு குறைக்க மாட்டார். ஆனால் அந்த அடிக்குரல்தான் சுவரைத் தாண்டும், யன்னலை அதிரவைக்கும். இரவில் தரையோரக் காற்று குளிர, மேலே போகவேண்டிய ஒலி வளைந்து கீழே வந்து ரீச்சரின் தலையணையைத் தேடும். கருவி 42 என்கிறது. ரீச்சர் நித்திரையில்லை என்கிறார். இரண்டும் மெய்.

வைத்தியம் சொல்ல ஆள் தேவைப்படாத ஊர் இது. முட்டை மட்டையைச் சுவரெல்லாம் ஒட்டு என்றார் ஒருவர். எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாமே தவிர, அந்தக் கடதாசி சத்தத்தை வெளியே போகாமல் தடுக்காது. தடுப்பதற்குப் பாரம் வேண்டும், சுவரின் பாரத்தை இரட்டித்தால்தான் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அடுத்தவர் ரிஜிபோம் என்றார். அது பாரமே இல்லாத சாமான். இன்னொருவர் ஃபான்களைச் சுற்றிக் கருங்கல்லில் சமாதி கட்டச் சொன்னார். காற்று எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, அதை நீர்தான் யோசிக்க வேண்டும் என்றார். மேசன் மட்டும் உருப்படியாக ஒன்று செய்தார்: கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையில் விரல் போகிற நீக்கலைச் சீமெந்தால் அடைத்தார். காற்றுப் போகிற நீக்கலால் சத்தமும் போகும். இரண்டடிச் சுவரைக் கட்டி ஓரங்குலத்தைத் திறந்துவிட்டால் சுவர் இருந்தும் இல்லை.

அதற்குப் பிறகும் ரீச்சர் வந்தார். இந்த முறை முறைப்பாடு இல்லை, விமர்சனம்.

"தம்பி, சத்தம் பெரிசெண்டு நான் சொல்லேல்லை. தவில் பெரிசு, நான் நித்திரை கொள்ளுறன். உம்மட ரெண்டு ஃபானும் ஒண்டோடை ஒண்டு சேரேல்லை. ஒண்டு ஒண்டரைக் கட்டை. மற்றது அதுக்குச் சரியா வரப் பாக்குது, வரேல்லை. ரெண்டும் அடிபட்டு, வூங் வூங் வூங் எண்டு திஸ்ர நடை. பத்து மணிக்குப் பிறகு நடையும் மாறுது. கண்டமாப் போகுது. நான் தாளம் போட்டுக்கொண்டே விடியுது."

பெறாமகன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு ஓடிப்போய்க் கொப்பி எடுத்து வந்தான். ஆறு இதழ், நிமிடத்துக்கு 1350 சுற்று. ஆறால் பெருக்கி அறுபதால் பிரித்தால் செக்கனுக்கு 135 அதிர்வு. மற்ற ஃபான் கொஞ்சம் இளகிய மனசு, 1380 சுற்று: 138. ஒன்றரைக் கட்டை ஏறத்தாழ அங்கேதான். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று. அதனால் செக்கனுக்கு மூன்று தரம் சத்தம் ஏறி இறங்கும். திஸ்ரம்! ஊர் லைற் அணைத்துப் படுக்க மின்னழுத்தம் ஏறும். மோட்டர்கள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வேகம் மாற, மூன்று ஐந்தாகும். கண்டம்! ரீச்சர் தலையணையில் கிடந்தபடி செய்த கணக்கைப் பெறாமகன் கல்குலேற்றரில் செய்து முடிக்க அரைமணித்தியாலம் எடுத்தான்.

அன்றைக்குத்தான் சரியான வழி பிறந்தது. இரண்டு சின்ன ஃபானுக்குப் பதில் ஒரு பெரிய ஃபான். எட்டு அங்குலம் பன்னிரண்டு அங்குலமானால் அதே காற்றுக்கு நானூறு சுற்றுப் போதும். சுற்று பாதியானால் ஒரு ஃபானின் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் விழும். இங்கே சுற்று மூன்றிலொன்றுக்கும் கீழே, ஆகவே இன்னும் கூட விழும்; விட்டம் கூடுவதால் அதில் ஒரு பங்கு திரும்பி ஏறும். கழித்துப் பார்த்தாலும் 14 மிச்சம். உள்ளே வரும் காற்றுக்கு ஃபானே வேண்டாம்; ஈரச் சாக்குத் தொங்கவிட்ட துவாரமே காணும். ஒற்றை ஃபானுக்கு அடிபட ஆளில்லை, ஆகவே நடையும் இல்லை.

பூட்டுவதிலும் ஒரு நுட்பம். ஃபானைச் சுவரில் ஆணியடித்து இறுக்கினால் சுவர் முழுவதும் ஃபானாகிவிடும். பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டியாய்க் கீறி அதில் தொங்கவிட்டோம். ஸ்காபரோவில் இதற்கு டொலர் கணக்கில் பட்டி விற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வாசலில் சும்மா கிடக்கிறது. காற்று வெளியே போகும் வழிக்கு ஓடாவி ஒரு நீளப் பெட்டி செய்தார், உள்ளே இரண்டு வளைவு. பெட்டிச் சுவருக்குத் தும்பு மெத்தை. காற்று வளைந்து போய்விடும்; சத்தம் ஒவ்வொரு வளைவிலும் தும்பில் முட்டி இளைத்துப் போகும்.

இங்கே காளான் தன் கைவரிசையைக் காட்டியது. ஈரக் காற்று, காற்றில் வித்துகள், பக்கத்தில் தென்னந்தும்பு. இந்தியாவின் கயிறு வாரியமே தும்புச்சோற்றை மக்கவைக்கச் சிப்பிக் காளானைத்தான் பயன்படுத்துகிறது. என் பெட்டிக்குள் நடந்தது அதே ஆராய்ச்சி, சம்பளம் இல்லாமல். ஒரு நாள் காற்றுக் குறைகிறதே என்று திறந்தால் சத்தமடக்கிக்குள் கொத்துக் கொத்தாய் விளைச்சல். மரத்தூள் பையில் வந்ததைவிட நல்ல குடை. இப்போது தும்புக்கு மேலே மெல்லிய பொலித்தீன் போர்த்தியிருக்கிறது. மனிசிக்கு அதில் வருத்தம்.

நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாள் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான குசினிகளுக்குள் மச்சம் வராது. அப்போது காளானுக்குக் கிராக்கி. ரீச்சருக்கு மட்டும் அது சைவமா என்பதில் இன்னும் ஐயம். "மரத்திலையும் காய்க்கேல்லை, மண்ணிலையும் விளையேல்லை, அவிச்சால் இறைச்சி மாதிரி நாறுது." கொடுத்ததை வாங்கிக்கொள்வார், வெள்ளிக்கிழமை தவிர.

கொடியேறிய கிழமைதான் புதிய ஃபானைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்தார். மதிலில் கை வைத்து, கண்ணை மூடி, கனநேரம் கேட்டார். இதழின் சத்தம் போய்விட்டது. மிச்சம் இருந்தது மோட்டருக்குள் மின்சாரம் முனகும் முனகல் மட்டும்.

"இது வாசி. கேக்கவும் பறவாயில்லை. ஐஞ்சு கட்டை."

"அப்ப உங்களிட்டைப் பாட்டுப் பழகிற பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சரிதானே, ரீச்சர்?"

"ஐஞ்சு கட்டைக்கு ஒரு நூல் கூட. அதைக் கொஞ்சம் இறக்கிவிடும்."

அதை இறக்க ஏலாது என்று பெறாமகன் விளக்கினான். இலங்கையில் மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது சுற்று. மோட்டர் அதை இரட்டித்து நூறில் முனகும். ஐந்து கட்டையின் மந்தர ஸட்ஜமோ 98. அந்த இரண்டைக் குறைக்கவேண்டுமென்றால் ரெகுலேட்டரால் முடியாது. மின்சார சபை நாடு முழுவதும் ஐம்பதை நாற்பத்தொன்பதாக்க வேண்டும்.

ரீச்சர் யோசித்தார்.

"நாடு முழுக்க எதுக்கு? வலிகாமம் தெற்குக்கு மட்டும் செய்யேலாதோ?"