ஆட்டமும் தள்ளாட்டமும்: ‘வாபிள்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி ஓர் ஆய்வு

டீக்கடை மேசையில் முழங்கையை ஊன்றியதும் மேசை ஒரு பக்கம் சாய்கிறது. கிளாஸிலிருந்த டீ விளிம்பு தாண்டிச் சிந்துகிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ‘வாபிள்’. சைக்கிள் சக்கரம் கோணிச் சுற்றினாலும் அதே சொல்தான். ஜெல்லி குலுங்கினாலும், பாடுபவரின் குரல் நடுங்கினாலும், அமைச்சரின் உறுதி தளர்ந்தாலும் அதேதான். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தலைகாட்டிய இந்தச் சொல்லைத் தொடக்கத்தில் ‘ஓ’ இருக்கும் இடத்தில் ‘ஏ’ போட்டு எழுதினார்கள். அதாவது பொருளுக்கு ஏற்ப எழுத்துக்கூட்டலும் கொஞ்ச காலம் ஆடிவிட்டுத்தான் நிலைக்கு வந்திருக்கிறது. இதைத் தமிழாக்கப் புகுந்தவர்கள் ஆடு, அசை, தள்ளாடு, தடுமாறு என்று வரிசையாக அடுக்கி, நடுநடுவே காற்புள்ளியால் முட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் காற்புள்ளிகளை அகற்றுவதே இவ்வாய்வின் நோக்கம். ஏனென்றால் இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்ல. ஒரு பொருள் எப்படி அசைகிறது என்று ஆங்கிலம் பார்க்கிறது. கோளாறு எங்கே என்று தமிழ் கேட்கிறது. காலுக்குக் கீழேயா, காலிலேயா, காலுக்கு மேலேயா? இந்த மூன்றில் ஒன்றுக்கு விடை தெரியாமல் தமிழில் சரியான வினைச்சொல்லை எடுக்க முடியாது.

முதல் இரண்டு இடங்களுக்கும் உரியது ‘ஆடு’. மேசை ஆடும், நாற்காலி ஆடும், பல் ஆடும். தரை மேடுபள்ளமாக இருக்கலாம், கால் குட்டையாக இருக்கலாம். எதுவானாலும் பழி பொருளின் புத்தியில் விழுவதில்லை. இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் கணிதம் ஒரு வழி சொல்கிறது. நான்கு கால்களும் சமமாக உள்ள சதுர மேசையை, படிபோல் திடீரென ஏறி இறங்காத, மிதமான மேடுபள்ளமுள்ள தரையில் நின்ற இடத்திலேயே கால் சுற்றுக்குள் திருப்பினால், எங்கோ ஓரிடத்தில் நான்கு கால்களும் படிந்துவிடும். திருப்பியதும் ஆட்டம் நின்றால் குற்றம் தரையுடையது. சமதரையில் எவ்வளவு திருப்பியும் நிற்காவிட்டால் குற்றம் காலுடையது. அட்டையை மடித்து வைக்க வேண்டியதுதான். சைக்கிள் கடைக்காரர் இதைவிட நுட்பமானவர். சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஃபோர்க்கின் ஓரம் ரிம்முக்கு ஒட்டினாற்போல் சாக்பீஸைப் பிடிப்பார். ஒரே இடத்தில் மட்டும் கோடு விழுந்தால் அது ‘கோட்டம்’. ஸ்போக்ஸை முறுக்கி எடுத்துவிடலாம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது ‘கடக் கடக்’ என்றால் அது ‘ஆட்டம்’. கோனை இறுக்க வேண்டும். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லில் அடங்கும் இரண்டு நோய்க்கும் இங்கே தனித்தனிப் பெயர், தனித்தனி மருந்து, தனித்தனிக் கூலி.

மூன்றாவது இடம் காலுக்கு மேலே. தரையும் சரி, காலும் சரி. முதுமையோ போதையோ குழப்பமோ மேலிருந்து இறங்குகிறது. அப்போதுதான் ‘தள்ளாடு’, ‘தடுமாறு’ இரண்டும் வெளியே வருகின்றன. தள்ளாத வயதில் மனிதர் தள்ளாடுகிறார். கேள்வி கேட்டதும் மாணவன் தடுமாறுகிறான். அவன் உட்கார்ந்திருந்தாலும் தடுமாறலாம். ‘மேசை தடுமாறியது’ என்று ஒருவர் சொன்னால், மேசை எந்தக் கடையில் குடித்தது என்றுதான் கேட்கத் தோன்றும். நடை பழகும் குழந்தையும் அதன் தாத்தாவும் ஒரே தெருவில் ஒரே வேகத்தில் வரலாம். ஆங்கிலத்தில் இருவருக்கும் ‘டாட்டர்’ என்ற ஒரே சொல் போதும். தமிழிலோ குழந்தையுடையது தளர்நடை, அது தத்தித் தத்தி வரும். தள்ளாட்டம் தாத்தாவுக்கு மட்டும். குழந்தைக்குக் கால் இன்னும் உறுதிப்படவில்லை, மேலே கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் இருவருக்கும் வைத்தியம் ஒன்றே. குழந்தையின் நடைவண்டிக்குச் சக்கரம் மூன்று. ஊன்றுகோலோடு சேர்த்தால் தாத்தாவுக்கும் கால் மூன்று. மூன்று கால் எந்தத் தரையிலும் படிந்து நிற்கும். முக்காலி ஆடுகிறது என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான்.

இதற்கு மறுப்புகள் வரும். கடனில் மூழ்கிய நிறுவனம் ‘தள்ளாடுகிறது’ என்று செய்தித்தாள் எழுதுகிறதே, நிறுவனத்துக்குக் குடியா, மூப்பா? நிறுவனத்தை ஆளாக்கிவிட்ட பிறகே அந்தச் செய்தியாளர் அப்படி எழுதுகிறார். கோளாறும் அங்கே பெரும்பாலும் மேலிடத்தில்தான். கூட்டணி ஆட்சி மட்டும் ‘ஆட்டம் காண்கிறது’; அங்கே கழன்றுகொள்வது கால். குடித்தவனும்தான் ஆட்டம் போடுகிறான் என்பார்கள். போடுவது வேறு, ஆடுவது வேறு. போடுகிற ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாம், பல்லிடம் அப்படிச் சொல்ல முடியாது. அப்படியானால் புயலில் சிக்கிய படகு? அது தத்தளிக்கிறது. காலுக்குக் கீழே தரையே இல்லாதபோது தமிழ் வேறு சொல்லை எடுத்துக்கொள்கிறது என்பது இந்தக் கோட்பாட்டுக்குப் பகையன்று, சான்று.

கடினமான மறுப்பு லண்டனிலிருந்து வரும். தேம்ஸ் ஆற்றின் குறுக்கே நடப்போருக்காகக் கட்டிய மில்லேனியம் பாலத்தை 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் அசைந்தது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி மறுபடி திறந்தபோது 2002 பிப்ரவரி ஆகிவிட்டது. ஊரார் அதற்கு ‘வாபிளி’ பாலம் என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். இங்கே கோளாறு மேலேயா, கீழேயா? பாலம் லேசாக அசைய, விழாமலிருக்க நடந்தவர்கள் தங்களை அறியாமலே அசைவுக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தார்கள். அந்த அடிகள் பாலத்தை இன்னும் அசைத்தன. ஆங்கிலப் பெயர் பாலத்தின் மேல் மட்டும் பழி போடுகிறது. தமிழில் சொன்னால் பாலம் ஆடியது, ஆட்கள் தடுமாறினார்கள். தடுமாறத் தடுமாற அது மேலும் ஆடியது. பொறியாளர்கள் கண்டறிந்ததன் சாரம் இந்த இரண்டு வினைச்சொற்களிலேயே இருக்கிறது.

நம் ஊர் பைக் மெக்கானிக்கே ‘வண்டி வாப்ளிங் ஆகுது’ என்கிறாரே என்பது கடைசி மறுப்பு. வண்டியை வாங்கி நிறுத்தும் வரைக்கும்தான் அந்தச் சொல். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்ததும் அது டயரா, ரிம்மா, பேரிங்கா என்று பிரிந்துவிடும். பேரிங் என்றால் ‘ப்ளே இருக்கு’ என்பார். ஆங்கிலத்திலும் விளையாட்டுக்கும் தளர்வுக்கும் ‘ப்ளே’ ஒன்றே. தமிழிலும் இரண்டுக்கும் ‘ஆட்டம்’ ஒன்றே. காரணம் தேடிப் போனால் இரண்டு மொழியும் ஒரே பட்டறையில் சந்தித்துவிடுகின்றன. ஆகவே ‘வாபிள்’ என்ற சொல்லுக்கு நேரே அகராதியில் எந்தத் தமிழ்ச் சொல்லையும் அச்சிட வேண்டியதில்லை. சாக்பீஸோடு குந்தியிருக்கும் சைக்கிள் கடைக்காரரின் கேள்வியை அச்சிட்டால் போதும்: “எங்க ஆடுதுண்ணே?”