பேப்பர் போடுதல்: ஓர் அகத்திணை ஆய்வு

ஒருவர் ஏன் வேலையை விட்டுப் போகிறார், பக்கத்து மேசைக்காரர் ஏன் போகாமல் இருக்கிறார் என்ற கேள்விக்கு உலகம் நூறாண்டுக்கு மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறது. தேடியவர்களில் ஒருவர்கூடத் தொல்காப்பியம் படித்தவரல்லர். ஆகவே விடை கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்: சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் தளம். தரவு: கட்டுரையாளர் உட்காரும் வரிசையின் பதினொரு மேசைகள். காலம்: 14 ஆண்டுகள். ஆய்வு முறை: எட்டிப் பார்த்தல். கட்டுரையாளர் தமிழில் முதுகலை முடித்து, எப்படியோ ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் வந்து சேர்ந்தவர். அந்த ‘எப்படியோ’வை விளக்குவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதலில் சொல்லாராய்ச்சி. எங்கள் தளத்தில் யாரும் ராஜினாமா செய்வதில்லை. அது அமைச்சர்களுக்கு உரியது. மற்றவர்கள் பேப்பர் போடுவார்கள். இதில் பேப்பரே கிடையாது என்பதை நோக்குக. கம்பெனி போர்ட்டலில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. இல்லாத தாளை எப்படிப் போடுவது என்று மலைக்க வேண்டாம். தமிழில் சண்டை போடலாம், மொட்டை போடலாம், சாப்பாடு போடலாம், தாழ்ப்பாள் போடலாம். பேப்பர் போடுதலில் இந்த நான்கும் அடக்கம். மேலாளரோடு சண்டை, கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்தம் என்னும் மொட்டை, சகாக்களுக்கு ட்ரீட், கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு லாகின் அடைபடுதல். வரிசைகூட மாறுவதில்லை.

அடுத்து, முன்னோர் ஆய்வுகள். 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஆலையில் ஏறத்தாழ 14,000 பேர் வேலை பார்த்தார்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க அந்த ஓராண்டில் மட்டும் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. விலகல் விகிதம் 370 விழுக்காடு. வந்தவன் சட்டையை ஆணியில் மாட்டுவதற்குள் போய்விட்டான் என்று பொருள். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அது பழைய கூலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஒன்பது மணி நேர வேலையையும் எட்டாக்கினார். வேலை கேட்டு வாசலில் கூடிய கூட்டத்தைக் கலைக்க, அந்தக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டியதாயிற்று. 1915-இல் விலகல் 16 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆக, காசுதான் காரணம் என்று உலகம் ஏட்டை மூடிவிட்டது. அதே ஃபோர்டு, சமூகவியல் துறை என்று ஒன்றை வைத்து, தொழிலாளி குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டிப் பார்த்தல் முறைக்கு அதுவே முன்னோடி என்பதால் இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

1959-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரின் குழுவினர் பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர், கணக்காளர் 203 பேரைக் கேட்டு வெளியிட்ட முடிவு வேறு. சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதி ஆகியவை கெட்டால் வயிறு எரியும். நன்றாக இருந்தால் மட்டும் மனம் குளிர்ந்துவிடாது. இவற்றுக்கு அவர் வைத்த பெயர் சுகாதாரக் காரணிகள். பொருத்தமான பெயர்தான். கழிப்பறை மணக்கிறது என்று ஹெச்.ஆருக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுதியதாக எங்கள் தளத்தில் பதிவு இல்லை.

இனித் திணைக்கு வருவோம். புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்ற ஐந்து உரிப்பொருளும் காதலுக்கு வகுக்கப்பட்டவை என்று நம் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அப்ரைசல் பார்க்காத ஆசிரியர்கள்.

குறிஞ்சி எளிது. கல்லூரிக்கே வந்து ஆளெடுத்தால் இயற்கைப் புணர்ச்சி. நண்பன் ரெஃபர் செய்து சேர்ந்தால் பாங்கற் கூட்டம். அதில் பாங்கனுக்கு ரெஃபரல் போனஸ் உண்டு, அது மட்டும்தான் சங்ககாலத்தில் இல்லாதது. கன்சல்டன்சிப் பெண் போனில் பேசிச் சேர்த்துவைத்தால் தோழியிற் கூட்டம். குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். புதிதாகச் சேர்ந்தவர்களை அமெரிக்க ஷிப்டில் போடுவதற்கு இலக்கண ஆதாரம் இதுவே.

முல்லைதான் ஆழமானது. கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று தலைவன் சொல்லிப் போயிருப்பான். மேகம் கறுத்துக் கொன்றை பூத்துவிடும், ஆள் வரமாட்டான். ‘இது கார்காலமே அல்ல, பருவம் தப்பிய மழை, மரத்துக்குத்தான் புத்தியில்லை’ என்று தோழி தலைவியைத் தேற்றுவாள். ‘பருவம் அன்று என வற்புறுத்தல்’ என்று இதற்குத் துறையே உண்டு. எங்கள் தளத்தில் கேட்டது: “இது மெயின் சைக்கிள் இல்லப்பா, மிட்-இயர்தான். பிரமோஷன் எல்லாம் ஏப்ரல்லதான் பேசுவாங்க.” ஏப்ரலில் கேட்டது: “இந்த வருஷம் பட்ஜெட் டைட்டுப்பா. மிட்-இயர்ல பாத்துக்கலாம்.” கொன்றைக்குப் பதில் காலண்டர் பூக்கிறது, அவ்வளவே.

முல்லைக்கு ஓர் உட்பிரிவும் உண்டு. பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணி கேட்டது. முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கு. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதும் உண்டு. கம்பெனியின் பாதுகாப்பு விதிகளை ஒருமுறைகூடப் படிக்காதவர்கள் இந்தத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். நாலரை வருடம் ஆன ஊழியரைப் போல் சாந்தமான உயிர் ஓ.எம்.ஆரில் கிடையாது. திட்டினால் சிரிப்பார். சனிக்கிழமை கூப்பிட்டால் வருவார். முல்லை கற்பைக் குறிக்கும் என்று உரையாசிரியர்கள் சொன்னது எனக்கு விளங்கியது அவரைப் பார்த்த பிறகுதான்.

மருதத்தின் ஊடலுக்குக் காரணம் பரத்தை. அலுவலகத்தில் அந்த இடத்தை வகிப்பது புது ஆள். பத்து வருடம் கூடவே இருந்தவருக்கு ஆறு விழுக்காடு ஹைக். நேற்று வெளியிலிருந்து வந்தவர், அதே வேலைக்கு, அவரைவிடக் கூடுதல் சம்பளத்தில். சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பதால் இது எனக்கு மற்றவர்களைவிட மூன்று நாள் முன்னதாகத் தெரியும். ஊட வேண்டியவர்களுக்கு முன்பே நான் ஊடி முடித்துவிடுகிறேன். ஹெச்.ஆர். சமாதானத்துக்கு வரும், அதற்கு வாயில் வேண்டல் என்று பெயர். கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பதற்கு வாயில் மறுத்தல்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வதங்கித் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை. இளங்கோவடிகள் அளித்த இந்த விளக்கத்தை எக்ஸிட் இன்டர்வியூ படிவத்தின் மேலே அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. பாலைக்குரிய பெரும்பொழுது வேனில். மார்ச்சில் ரேட்டிங், ஏப்ரலில் கடிதம், போனஸ் கணக்கில் விழுந்த மறுநாள் பேப்பர்: சித்திரை, வைகாசி. சிறுபொழுது நண்பகல், சாப்பாட்டுக்கு எழுந்து போகும் முன் பொத்தானை அழுத்திவிட்டுப் போவதே பெரும்பான்மை வழக்கு. பிரிவுக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓதல் என்றால் எம்.பி.ஏ., தூது என்றால் ஆன்சைட், பொருள் என்றால் ஹைக். பகை யார் என்று சொல்லவேண்டியதில்லை; அவருக்கு ஓரத்தில் கண்ணாடி அறை கொடுத்திருக்கிறார்கள். அவரே ஒருநாள் பேப்பர் போட்டு, ஆறு மாதத்தில் டீமில் பாதியைப் புதுக் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டால் அது உடன்போக்கு.

ஆனால் கடிதத்தில் இந்த நான்கும் வராது. 14 ஆண்டுகளில் என் கண்ணில் பட்ட காரணம் ஒன்றே ஒன்று: ‘சொந்தக் காரணங்கள்’.

நெய்தல், 90 நாள் நோட்டீஸ். சிறுபொழுது எற்பாடு, ஃபேர்வெல் கேக் நாலு மணிக்கு வெட்டப்படுவதைக் காண்க. கூடவே ஒரு சமோசா. இரங்கல் உரை நிகழ்த்துபவர் பெரும்பாலும் அந்தப் பிரிவுக்குக் காரணமானவர். அடுத்த பகுதிக்குப் போகலாம்.

ஆய்வின் உயிர்நிலை இங்கேதான். இதுவரை எல்லாரும் முதற்பொருளைப் பார்த்தார்கள். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். ‘முதல்’ என்றதும் காசு என்று ஹெச்.ஆர். புரிந்துகொண்டது நம் தமிழ்க் கல்வியின் தோல்வி. வேறு சிலர் மனநிறைவு, மன அழுத்தம் என்று உரிப்பொருளில் இறங்கினார்கள். கருப்பொருளை யாரும் தொடவில்லை. தெய்வம், உணவு, மரம், பறவை என்று நிலந்தோறும் கருப்பொருள் உண்டல்லவா? அலுவலகத்துக்கும் உண்டு. எல்லாம் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது.

எங்கள் வரிசையில் நீண்ட நாள் இருப்பவர் ஓர் அக்கா. அவர் இழுப்பறையில் நான் கண்டவை: எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், ஸ்பூன் இரண்டு, ஏ.சி.க்காக ஒரு சால்வை, ரப்பர் செருப்பு, குடை, தைலம், யாருடையதோ ஒரு சார்ஜர். தெய்வம், மானிட்டரின் மூலையில் ஒட்டிய பிள்ளையார். நாற்பது விழுக்காடு கூடுதலாக ஒரு கம்பெனி கூப்பிட்டும் அவர் போகவில்லை. ஏன்க்கா என்று கேட்டேன். “அங்க போனா மத்தியானம் யாரோடப்பா உக்காந்து சாப்பிடறது?” என்றார். 2001-இல் டெரன்ஸ் மிட்செல் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் மளிகைக்கடை, மருத்துவமனை ஊழியர்களை ஆராய்ந்து, ஆட்களோடு உள்ள பிணைப்பு, இடத்தோடு உள்ள பொருத்தம், போனால் இழக்க வேண்டியவை ஆகியவை சேர்ந்துதான் ஒருவரை வேலையில் ஊன்றி வைக்கின்றன என்று எழுதினார்கள். வேலைக்கு வெளியே இருக்கும் பிணைப்பும் கணக்கில் சேரும். நாவலூரில் ஃபிளாட் வாங்கியவர் இருபது வருட இ.எம்.ஐ. முடியும்வரை சிறுசேரிப் பக்கத்துக்காரர்தான். நல்ல ஆய்வு. ஊறுகாய் பாட்டிலை மட்டும் தவறவிட்டுவிட்டார்கள்.

ஏனென்றால் முதலில் போவது அதுதான். பேப்பர் போட நினைப்பவர் ஒரே நாளில் பொருளை அள்ளுவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஊறுகாய் வீட்டுக்குப் போகும், தீர்ந்துபோச்சு என்ற சாக்கில். அடுத்து சால்வை, துவைக்க வேண்டும் என்று. பிறகு குடை, மழையே இல்லாத மே மாதத்தில். குழந்தையின் போட்டோ கடைசியில். பிள்ளையார் மட்டும் போவதில்லை, ஸ்டிக்கர் உரியாது. அடுத்து வருபவரும் கும்பிட்டுக்கொள்வார்.

இந்தக் கோட்பாட்டுக்கு வலுவான சான்று 2022. அவ்வாண்டு ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் வெளியிட்ட விலகல் விகிதம் 28.4 விழுக்காடு, செப்டம்பர் காலாண்டில் டி.சி.எஸ். வெளியிட்டது 21.5. ஆளுக்குக் கிராக்கி ஏறியது, சம்பளப் போட்டி என்று வல்லுநர்கள் காரணம் சொன்னார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பதையும், இழுப்பறைகள் திறக்கப்படவே இல்லை என்பதையும் ஒருவர்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. கருப்பொருள் அழிந்தது, பாலை பரந்தது. அக்காவின் ஊறுகாய் மட்டும் கெடாமல் இருந்தது, உப்பு தூக்கல்.

திரும்பி வந்தவர்களுக்கு இப்போது நிரந்தர மேசையும் இல்லை. காலையில் செயலியில் முன்பதிவு செய்து, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். இழுப்பறையை எடுத்துவிட்டுத் துணியைப் போல மெல்லிய ஒரு பலகையை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் வாடகைக்கு வந்தவன் ஊறுகாய் கொண்டுவருவானா?

போக நினைத்தவரை நிறுத்தக் கம்பெனி கடைசியில் நீட்டுவது கவுண்டர் ஆஃபர். இது செலவழுங்குதல். பயணத்துக்குக் கிளம்பியவன் பாதியில் தயங்கி நிற்பது போகாமலிருப்பது ஆகாது, தலைவியைத் தேற்றுவதற்கான தள்ளிப்போடல்தான் என்று தொல்காப்பியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்படித் தயங்கிய ஒருவருக்குச் சம்பளத்தைத் திருத்தி ஏற்றியவன் நான். அவருக்கே கணக்கு முடித்தவனும் நான்.

கட்டுரையாளரின் சொந்த நிலைப்பாடு பற்றி ஐயம் எழலாம். கிராஜுவிட்டிக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. பத்தாண்டு கடந்ததால் பி.எஃப். பென்ஷனுக்கும் தகுதி வந்துவிட்டது. போர்ட்டலில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். தடை ஒன்றுதான். போன தீபாவளி சமயத்தில், அடியில் என் தந்தையார் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஆறாம் தளப் பேன்ட்ரியிலிருந்து யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவர் இதைப் படித்தால், கழுவக்கூட வேண்டாம், அப்படியே கொண்டுவந்து வைத்துவிடவும். அது வரும்வரை என்னால் பேப்பர் போட இயலாது.