வில்லன் செத்தா சாகட்டும் பேராண்டி

ஏ பேராண்டி, கையில என்ன, தலகாணி மொத்தத்துல நோட்டு? கூட்டாளிமாரோட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடப்போறியோ. கதை சொல்லி ஆட்டத்தை நடத்துற டன்ஜன் மாஸ்டரு நீதானாம்ல? அரண்மனை வம்சத்தையே ஏழு தலைமுறைக்கு எழுதி வச்சிருக்க. சரிதான். அந்த ராசாவுக்குச் சித்தப்பன் யாருன்னு ஒருத்தனாச்சும் கேப்பானா?

இந்த ஆட்டம் பொறந்த கதை உனக்குத் தெரியுமாலே? 1969ல அமெரிக்காவுல, மினசோட்டாப் பக்கம் டேவிட் வெஸ்லின்னு ஒருத்தரு. நெப்போலியன் காலத்துச் சண்டையைப் பொம்மைப் படை வச்சு ஆடுற ஆளு. பிரவுன்ஸ்டைன்னு இல்லாத ஜெர்மன் ஊரு ஒண்ண உண்டாக்கி, ஆளுக்கொரு வேசம் குடுத்தாரு. படை வரும், ஊரு என்ன பண்ணுதுன்னு பாப்போம்னு அவரு கணக்கு. வந்தவங்க என்ன செஞ்சாங்க? ரெண்டு ரெண்டு பேரா மூலையில ஒதுங்கிக் குசுகுசுன்னு பேச்சு. ரெண்டு பேரு ‘வா, ஒத்தைக்கு ஒத்தை’ன்னு மல்லுக்கு நின்னுட்டாங்க. அதுக்கு விதியே கிடையாது. நின்ன இடத்துல மனுசன் ஒரு விதியைக் கட்டினாரு. எல்லாம் கெட்டுச்சுன்னு அவரு நொந்து கிடக்காரு. ஆடினவங்களோ, அடுத்த ஆட்டம் எப்போன்னு நிக்காங்க!

அந்தக் கூட்டத்துல இருந்தவருதான் டேவ் ஆர்னசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேந்து 1974ல உன் ஆட்டத்தைக் கொண்டாந்தாங்க. கைகாக்ஸு இன்சூரன்ஸ் உத்தியோகம் போயி, செருப்புத் தைச்சுப் பொழச்சவரு. மொதல்ல போட்டது 1,000 பெட்டிதான். அந்த விதியில பொந்துக்குள்ள இருந்து தங்கத்தைத் தூக்கியாந்தா அனுபவப் புள்ளி உண்டு. ராசாவோட சித்தப்பனுக்கு ஒரு புள்ளியும் கிடையாது, பாத்துக்கோ.

அதுக்காகக் கதையே வேண்டாம்னு துள்ளுறானே உன் கூட்டாளி, அவன் பேச்சையும் கேக்காத. வெறுமனே உருட்டத்தான் ஆசைன்னா தாயக்கட்டை இருக்கே, இம்புட்டுக் காசு எதுக்கு? கோப்ளின் பூதத்தை வெட்டு, இன்னொண்ண வெட்டு, அதையும் வெட்டு. எதுக்கு வெட்டுறோம்னு தெரியாட்டி கொட்டாவிதான் வரும்.

‘கிரிட்டிகல் ரோல்’ பாத்துப்பிட்டு நீ தொண்டையைக் கிழிக்கிறதும் எனக்குத் தெரியும். 2015லேருந்து ஆடிக் காட்டுறாங்களே, அவங்க குரல் நடிப்புலயே சோறு திங்கிறவங்க. உனக்கு என்னத்துக்குய்யா கோப்ளினுக்கு ஒரு குரலு, அதோட அண்ணனுக்கு ஒரு குரலு?

உன் வில்லன் இருக்கானே, ரெண்டு பக்கத்துக்கு வசனம். மூணாவது வரியில ஒருத்தன் அம்பு விடுறேம்பான். பகடையை உருட்டுவான். உச்ச எண்ணு இருபது விழும். உனக்கு மூஞ்சி சுண்டிரும். அட்டை மறைப்புக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, ‘தப்பிச்சுட்டான்’னு கூசாமப் பொய் சொல்லுவ. அம்பு விட்டவன் கத்துற கத்து நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும், நீ கெடுத்த! பகடையை மதிக்கலைன்னா அது எதுக்கு மேசையில? நோட்டை வாசிச்சுட்டு வீட்டுக்கு வா.

உன் கதையில, வழியில ஒரு சத்திரம் வருதுல்ல? அங்க இருக்கிறவனுக்கு நீ பேருகூட வைக்கல. எழுதி வச்சுக்கோ, அவன்கிட்டதான் உன் கூட்டாளிமாரு போயி ஒட்டிக்கிடுவாங்க. கடன் கேப்பாங்க, அவன் மகளைப் பத்தி விசாரிப்பாங்க, கழுதையைத் திருடுவாங்க. அந்த ஏழு தலைமுறையைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, சத்திரக்காரனுக்கு நல்ல பேரா ஒண்ணு யோசி. கழுதைக்கும் சேத்து.