ஆடு விட்டுவைத்த தோட்டம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு எங்கள் காட்டுமன்னார்கோயிலில் இரண்டில் ஒன்று வரும். சர்க்கரை வரும், இல்லையென்றால் மூலிகைப் பித்து வரும். எனக்கு முதலாவது வந்ததால் இரண்டாவதும் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தது மாத்திரையும் நடைப்பயிற்சியும்தான். நடக்கக் கிளம்பினால் தெருமுனைக்குள் ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சீந்தில், சிறுகுறிஞ்சான் என்று ஆளுக்கொன்றாகச் சீட்டில் சேர்த்துவிடுவார்கள். காசு கேட்காத வைத்தியர்கள் எங்கள் ஊரில் திண்ணைக்கு இருவர்.

எல்லாவற்றையும் கொல்லையிலேயே வளர்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். கொல்லை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடம்; இரண்டு கட்டில் போடலாம், மூன்றாவது போட்டால் ஒன்று வாய்க்காலில் நிற்கும். அங்கே நான் உண்டாக்க நினைத்தது ஒரு காடு.

முதல் எதிர்ப்பு மண்ணிடமிருந்து வந்தது. பராந்தக சோழன் காலத்தில் வீராணம் ஏரியை வெட்டியது இந்தப் பக்கத்து நெல்லுக்காக. எங்கள் களிமண் கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கால் எடுக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். ஆயிரம் வருஷமாக நெல்லுக்குப் பழகிய மண்ணில் நான் நன்னாரி வைத்தேன். அதற்கு வேண்டியது கொஞ்சம் நிழலும் நீர் தேங்காத இடமும். நான் கொடுத்தது முதலில் வெயில், அப்புறம் குளம்.

நன்னாரி வேர் தேறுவதற்கு ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கும். வேர் மணக்க ஆரம்பித்துவிட்டதா என்று அறிய ஒரே வழி, தோண்டி முகர்ந்து பார்ப்பது. நான் அடிக்கடி அறிந்துகொண்டேன். செடி ஒரு நாள் இதற்குமேல் அறிய ஒன்றுமில்லை என்று படுத்துவிட்டது.

சிறுகுறிஞ்சான் பிழைத்தது. வேப்பமரத்தில் ஏறி நன்றாகவே படர்ந்தது. அதன் இலையை மென்றால் அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டுவிடும். சர்க்கரையை வாயில் போட்டால் மணலாக இருக்கும். ஆசை அடங்கும் என்று காலையில் இரண்டு இலை மென்றுவிட்டுக் காபி குடித்தேன்.

“சர்க்கரையே போடலையா?”

“அரை ஸ்பூன் போட்டிருக்கேங்க. உங்களுக்கு அதுவே அதிகம்.”

நம்பாமல் நானே எழுந்து போய் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டேன். அப்போதும் இனிக்கவில்லை. உறவுக் கல்யாணம் ஒன்றிலும் முன்ஜாக்கிரதையாக இலை மென்றுகொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசத்தில் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று சரிபார்க்கவே மூன்று தம்ளர் ஆனது. அடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், “புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?” என்றார். “மூலிகைதான் சார்” என்றேன்.

அடுத்தது கண்வலிக்கிழங்கு. செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், வேதாரண்யம் பக்கமெல்லாம் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து கோல்சிசின் எடுத்துக் கீல்வாதத்துக்கு மருந்து செய்கிறார்கள். மருந்தாக்காமல் தின்றால் கிழங்கும் விதையும் ஆளையே கொல்லும். இந்தப் பின்பாதி எனக்குத் தெரிய வந்தபோது கிழங்கைக் கருணைக்கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில் நட்டு முடித்திருந்தேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கே அதைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு, அந்த வருஷம் முழுக்க வீட்டில் எந்தக் கிழங்கும் சமைக்கவில்லை.

நிலவேம்பும் வைத்திருந்தேன். 2012 டெங்குக் காய்ச்சலின்போது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததிலிருந்து அதற்கு மவுசு. காய்ச்சல் கண்டவர்கள் என்னைத் தேடி வருவார்கள் என்று காத்திருந்தேன். வந்த ஒருவர், “வெட்டிவேர், விலாமிச்சு, பேய்ப்புடல், பற்படாகமெல்லாம் எங்கே?” என்றார். அந்தக் குடிநீரில் சேர்வது ஒன்பது சரக்கு. என்னிடம் எட்டு பாக்கி.

ஒரு நாள் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. பக்கத்துத் தெரு ஆடுகள் வந்து தோட்டத்தைப் பரிசோதித்துவிட்டுப் போயின. அவை விட்டுவைத்தது ஆடாதோடையை மட்டும். ஆட்டைத் தேடி வந்த ஆயா காலித் தொட்டிகளைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இதெல்லாம் காசு குடுத்தா வாங்கியாந்த?”

“நர்சரியில ஆயா.”

“உங்கப்பா இருந்தப்ப வேலி பூரா இதானே கெடந்துச்சு. செவுரு வெக்கறேன்னு நீதானே வழிச்சுப் போட்ட!”

கணக்குப் பார்த்தால் ஆயா சொன்னது சரி. பழைய உயிர்வேலியில் நொச்சி, ஆடாதோடை, அவற்றின்மேல் சீந்தில், முடக்கத்தான், தூதுவளை, கோவை, அடியில் பிரண்டை, மழைக்குக் கீழாநெல்லி. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. யாரும் தோண்டி முகர்ந்து பார்த்ததுமில்லை. அதை ஆள் வைத்து, கூலி கொடுத்துச் சுத்தம் செய்து சுவர் எழுப்பினேன். சுவருக்குள் அதே செடிகளைத் தொட்டி விலை சேர்த்துக் கொடுத்து வாங்கி வைத்தேன்.

பெரிய அளவில் யோசித்தவர்களும் காட்டைத் தொட்டிக்குக் கொண்டுவரவில்லை. 1993-இல் தமிழக, கேரள, கர்நாடக வனத்துறைகள் தொடங்கிய மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன; நம் கோடிக்கரையும் அவற்றில் ஒன்று. மருந்துச் செடி தன் மரநிழலில், தன் ஈரத்தில், தன் விதையை உதிர்த்துக்கொண்டு இருக்கட்டும் என்பதுதான் திட்டம். எங்கள் மாவட்டத்திலேயே திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் போன்ற இடங்களில் கடற்கரையோரப் பழங்காட்டின் மிச்சம் கோயில் காடாகத் தங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட காட்டில் சுள்ளி ஒடித்தால் சாமி குத்தம். ஐயனார் உரம் போடுவதில்லை, களை எடுப்பதில்லை. குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி. தோட்டக்கலையில் என்னைவிடத் தேர்ந்தவர்.

ஆகவே, வீடு கட்டுகிறவர்களுக்கு என் விண்ணப்பம்: நாலு பக்கமும் சுவர் எழுப்புங்கள் என்று கொத்தனார் சொன்னால், மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலாவது பக்கம் நொச்சியும் ஆடாதோடையும் நிற்கட்டும். மற்றவை தாமாக வந்து ஏறிக்கொள்ளும். இலை வேண்டுமானால் பறியுங்கள், வேரை விட்டுவிடுங்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆடாதோடைக் குச்சி வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வரலாம். ஒடித்து நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். விலை கிடையாது. கஷாயம் ஒரு தம்ளர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.